ஊர் மாறிக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி விடுதி ஒன்றில் முதலாண்டு மாணவர்கள் தங்கும் பகுதிக்குப் பல வருடங்களாகப் பொறுப்பாளராக இருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்குவார்கள், கூடவே அதே கேள்விகளும் வரும். சிலர் நேராகக் கேட்பார்கள். பலர் இரவு பத்து மணிக்கு மேல் என் அறை வாசலில் வந்து நின்று, விளக்கு எரியவில்லை, சாவி மாட்டிக்கொண்டது என்று எதையோ சொல்ல ஆரம்பித்து, கடைசியில்தான் இதற்கு வருவார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை.

இன்னும் மூன்று வாரத்தில் கல்லூரி. அங்கே யாரோடும் ஒட்டமாட்டேனோ என்ற பயத்தில் தூக்கமே வரவில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. "எனக்கு மட்டும்தான் இப்படி இருக்கிறது" என்று முதல் வாரத்தில் என்னிடம் வந்து சொன்னவர்களில், அடுத்தடுத்த அறையில் இருந்தவர்களே உண்டு. இரண்டு பேரும் ஏறக்குறைய அதே வார்த்தைகளைச் சொல்வார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் நான் சொல்லக் கூடாது. அதனால் "போய்ப் பக்கத்து அறைக் கதவைத் தட்டிப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவேன்.

வெளியே இது தெரியாததற்குக் காரணம், பயத்தை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுச் சிரித்த முகத்தோடுதான் எல்லாரும் வெளியே வருகிறோம். எதிரே வருகிறவர் கண்ணுக்கு நீங்களும் பயமே இல்லாத ஆளாகத்தான் தெரிவீர்கள்.

கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோயன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் ஒரு எளிய காரியம் செய்து பார்த்தார்கள். முதலாண்டு மாணவர்களிடம் சீனியர்கள் சொன்ன அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். 'இது நமக்கான இடம்தானா என்று எங்களுக்கும் முதல் வருடம் தோன்றியது, போகப் போகச் சரியாகிவிட்டது' என்பதுதான் அதன் சாரம். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் இருக்கும். 2011-ல் வெளியான முடிவின்படி, அதைப் படித்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்று ஆண்டுகளில் கூடின. வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. பாடத்தில் கூடுதலாக எதுவும் சொல்லித்தரவில்லை. ஒரு நாள் மோசமாகப் போனால் 'இன்றைக்கு நாள் சரியில்லை' என்று நினைத்துக்கொண்டு அடுத்த நாளைப் பார்த்தார்கள், 'நான் இங்கே இருக்க வேண்டியவனே இல்லை' என்று அதற்கு அர்த்தம் கற்பிக்கவில்லை. வித்தியாசம் அங்கேதான்.

சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு தனியாக நிற்பதுபோலக் கனவுகூட வருகிறது. அப்படி நின்றால் என்ன செய்வது?

அந்த நிமிடத்தை ஒவ்வொரு வருடமும் தூர இருந்து பார்க்கிறேன். கையில் தட்டு. கண் மேசை மேசையாகப் போகும். யாராவது நிமிர்ந்து பார்த்தால் உடனே வேறு பக்கம் திரும்பும். அப்புறம் ஒரு கையால் தட்டைச் சமாளித்துக்கொண்டு, இன்னொரு கையால் போனை எடுத்து எதையோ அவசரமாகப் படிப்பதுபோல நிற்பார்கள். நிற்பவருக்கு அது அரை மணி நேரம் மாதிரி இருக்கும். உண்மையில் பத்துப் பதினைந்து நொடிதான், கூடத்தில் பெரும்பாலானவர்கள் அதைக் கவனிப்பதும் இல்லை.

கவனிப்பதில்லை என்று ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்து 2000-ல் எழுதினார்கள். பாரி மானிலோ என்ற பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டை ஒரு மாணவருக்குப் போட்டுவிட்டார்கள். அந்த வயதில் அதைப் போட யாருக்கும் கூச்சமாக இருக்கும். அதோடு சக மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று போட்டுக்கொண்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான்.

சரி, எங்கே உட்காருவது? ஆறு பேர் சிரித்துக்கொண்டிருக்கும் மேசை வேண்டாம். ஒருவரோ இருவரோ இருக்கும் மேசைக்குப் போய், "இங்கே யாராவது வருகிறார்களா?" என்று கேளுங்கள். தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கேள்வி எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அவர் முகத்திலேயே பார்ப்பீர்கள். மறுநாளும் அதே நேரத்துக்கு அதே மூலைக்குப் போங்கள்.

நல்ல நண்பர்கள் கிடைக்க எவ்வளவு நாள் ஆகும்?

எல்லாக் கேள்விகளிலும் எனக்கு முக்கியமானது இதுதான். மூன்றாவது வாரத்திலேயே 'எனக்கு யாரும் இல்லை' என்று தீர்ப்பு எழுதிவிட்டு அறைக்குள் ஒடுங்குகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களில் யாருக்கும் குணத்தில் குறை இல்லை. கணக்குதான் தெரியவில்லை.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018-ல் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். புதிதாக ஊர் மாறி வந்தவர்களையும் முதலாண்டு மாணவர்களையும் வைத்துச் செய்த ஆய்வு. அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. நண்பர் என்று மனசாரச் சொல்வதற்குச் சுமார் 90 மணி நேரம். நெருங்கிய நண்பருக்கு 200 மணி நேரத்துக்கு மேல். அதுவும் ஒரே வகுப்பில் கட்டாயத்துக்கு உட்காரும் நேரத்தைவிட, நடப்பது, விளையாடுவது, வெட்டியாகப் பேசிக்கொண்டிருப்பது போல விரும்பிக் கழிக்கும் நேரம்தான் அதிகம் கைகொடுக்கிறது.

தினமும் இரண்டு மணி நேரம் ஒருவரோடு கழித்தாலும் 200 மணி நேரம் சேர 100 நாள் ஆகும். மூன்று மாதத்துக்கும் மேல். உங்கள் பள்ளி நண்பர்களோடு பல வருடம் பழகியிருப்பீர்கள். அந்த நெருக்கத்தை வைத்து மூன்று வார அறிமுகத்தை அளந்தால் எல்லாரும் அந்நியர்களாகத்தான் தெரிவார்கள்.

நேரத்துக்கு அடுத்தது இடம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் திருமணமான மாணவர் குடியிருப்பில் லியான் ஃபெஸ்டிங்கரும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு 1950-ல் வெளியானது. யார் யாரோடு நட்பானார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் அடுத்த கதவுக்காரரோடு. இரண்டு கதவு தள்ளி இருந்தால் குறைவு, நான்கு கதவு தள்ளி இருந்தால் இன்னும் குறைவு. மாடிப்படிக்குக் கீழே வீடு கிடைத்தவர்களுக்கு மாடியிலும் நண்பர்கள் இருந்தார்கள், வருகிறவர் போகிறவர் எல்லாம் அவர்கள் வாசலைக் கடந்துதானே போக வேண்டும். நட்புக்கு ரசனை, குணம், ராசி என்று என்னென்னவோ காரணம் சொல்கிறோம். அடிக்கடி கண்ணில் படுவது அதில் பெரிய பங்கு என்பது என் அனுபவத்திலும் உண்மை.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மோர்லாண்டும் ஸ்காட் பீச்சும் 1992-ல் செய்த சோதனையும் எனக்குப் பிடித்தது. தோற்றத்தில் அதிக வித்தியாசம் இல்லாத நான்கு பெண்களை ஒரு பெரிய வகுப்பில் மாணவிகள் போல உட்கார வைத்தார்கள். ஒருவர் 15 வகுப்புக்கு வந்தார், ஒருவர் 10, ஒருவர் 5, நான்காமவர் ஒன்றுக்கும் வரவில்லை. யாரும் யாரோடும் பேசக் கூடாது. பருவ முடிவில் நால்வரின் படத்தையும் காட்டிக் கேட்டபோது, அதிக முறை வந்தவரைத்தான் மாணவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. ஒரு வார்த்தை பேசாமல், வந்து உட்கார்ந்ததற்கே இவ்வளவு.

அதனால் முதல் மாதத்துக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: வாரா வாரம் ஒரே ஆட்கள் ஒரே நேரத்தில் கூடும் ஏதாவது ஒன்றில் சேருங்கள். விளையாட்டோ, நாடகமோ, புத்தக வாசிப்போ, எதுவானாலும் சரி. ஒரு நாள் நடக்கும் பெரிய விழாவில் நூறு பேரைப் பார்த்துவிட்டு வருவதைவிட, பன்னிரண்டு வாரம் அதே பத்துப் பேரைப் பார்ப்பது உங்களுக்கு நல்லது. இரண்டாவது வாரம் போகப் பிடிக்காது. போங்கள்.

எனக்குக் கூச்ச சுபாவம். பேசினால் சொதப்பிவிடுவேன், அப்புறம் ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

ராத்திரி நினைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பகுதியைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். எரிகா பூத்பியும் கூட்டாளிகளும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத இருவரைப் பேசவிட்டுப் பிறகு தனித்தனியாகக் கேட்டார்கள். எதிராளி தன்னை எவ்வளவு விரும்பினார் என்பதைச் சராசரியாகப் பார்த்தால் குறைத்தே சொன்னார்கள். கல்லூரி விடுதியில் சேர்ந்து தங்கியவர்களிடம் வருடம் முழுக்கக் கேட்டபோதும் பல மாதங்களுக்கு அந்த நினைப்பு மாறவில்லை. நீங்கள் சொதப்பியதாக நினைக்கும் பேச்சு, எதிரே இருந்தவருக்கு நல்ல பேச்சாகவே இருந்திருக்கும்.

கூச்சத்தை விட்டொழியுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் நன்றாகக் கேட்பார்கள், கேட்டதை ஞாபகம் வைத்திருப்பார்கள். நேற்று ஒருவர் பரீட்சை பற்றிக் கவலைப்பட்டாரா? இன்று பார்த்தால் "அந்தப் பரீட்சை எப்படிப் போச்சு?" என்று கேளுங்கள். போதும். சாமர்த்தியமாகப் பேச வேண்டிய அவசியமே இல்லை.

எல்லாரும் ஏற்கெனவே செட் சேர்ந்துவிட்டார்கள். நான் தாமதமாகிவிட்டேனா?

இல்லை. முதல் இரண்டு வாரத்தில் சேரும் செட்டுகள் பயத்தில் சேர்ந்தவை. தனியாக நிற்கக் கூடாதே என்று பக்கத்தில் நின்றவர் கையைப் பிடித்துக்கொண்டது அது. இரண்டாவது மாதத்தில் பாதி கலைந்து வேறு மாதிரி சேரும். அப்போது நீங்கள் கண்ணில் படும் இடத்தில் இருந்தால் போதும்.

ரூம்மேட்டோடு ஒத்துப்போகவில்லை. என்ன செய்வது?

ரூம்மேட் நண்பராக இருந்தே ஆக வேண்டும் என்ற எதிர்பார்ப்பை முதலில் இறக்கி வையுங்கள். நிம்மதியாகத் தூங்கவும் படிக்கவும் முடிந்தால் அதுவே நல்ல ரூம்மேட்.

சண்டைகள் எல்லாம் சின்ன விஷயத்தில்தான் ஆரம்பிக்கும். விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பது, அலாரம் அடித்தால் யார் எழுந்து நிறுத்துவது, கேட்காமல் ஒருவர் பொருளை இன்னொருவர் எடுக்கலாமா, அறைக்கு ஆள் வரும்போது முன்கூட்டிச் சொல்ல வேண்டுமா. இந்த நான்கையும் முதல் வாரத்திலேயே, கோபம் வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள். ஒரு வருடம் என் பகுதியில் இரண்டு பேர் அலாரத்தை வைத்து ஐந்து வாரம் பேசாமல் இருந்தார்கள். ஒருவர் காலை ஐந்து மணிக்கு வைப்பார், அடித்தாலும் எழமாட்டார். மற்றவர் விழித்துப் படுத்தே கிடப்பார், ஒரு வார்த்தை சொல்லமாட்டார். கடைசியில் நான் கூப்பிட்டு உட்கார வைத்தபோது, அலாரக்காரர் "எனக்குத் தெரியவே தெரியாதே, எழுப்பியிருக்கலாமே" என்றார். ஐந்து வாரம்!

பேசியும் சரியாகவில்லை என்றால் அறை மாற்றிக் கேளுங்கள். அது தோல்வி இல்லை. பொருள் திருடு போகிறது, மிரட்டல் இருக்கிறது என்றால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

வீட்டு நினைப்பு தாங்க முடியவில்லை. பசிக்கவில்லை, வயிறு ஏதோ செய்கிறது. இது பலவீனமா?

1688-ல் பாசெல் நகரில் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் இதையே நோயாக எடுத்துத் தன் ஆய்வேட்டை எழுதினார். திரும்பிப் போதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்கு நாஸ்டால்ஜியா என்று பெயரும் வைத்தார். அவர் சொல்லும் நோயாளிகளில் ஒருவர் பெர்ன் நகரிலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்த மாணவர். காய்ச்சல், மனக்கலக்கம், படுத்த படுக்கை. வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம் என்று கிளம்பியதுமே தேற ஆரம்பித்துவிட்டார். இன்று இதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. ஆனால் படிக்கப் போன பிள்ளைக்கு வீட்டு நினைப்பு உடம்பிலேயே தெரியும் என்பது மூன்று நூற்றாண்டுக்கு மேலாக எழுதிவைத்த விஷயம். உங்களிடம் ஒரு பலவீனமும் இல்லை.

இது அலை மாதிரி வரும். பெரும்பாலும் வேலை முடிந்த சாயங்காலம், ஞாயிற்றுக்கிழமை மதியம், உடம்பு சரியில்லாத நாள். எந்த நேரத்தில் வருகிறது என்று ஒரு வாரம் கவனித்து, அந்த நேரத்தில் அறையில் தனியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துணி துவைக்கப் போவதுகூட நல்லதுதான், அங்கே நாலு பேர் இருப்பார்கள்.

வீட்டுக்குப் போன் பேசுங்கள், ஆனால் தூங்கப் போகும் நேரத்தில் வேண்டாம். அழுதுவிட்டுப் படுத்தால் இரவு நீண்டுவிடும். சாயங்காலம் பேசிவிட்டு வெளியே போய்விடுங்கள். வார இறுதி தவறாமல் வீட்டுக்கு ஓடுவதையும் முதல் ஆறு வாரத்துக்குத் தள்ளிப்போடச் சொல்வேன். இதில் எனக்கும் பெற்றோர் சிலருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் மற்றவர்கள் சேர்ந்து வெட்டியாக இருப்பது வார இறுதியில்தான். மேலே சொன்ன அந்த மணி நேரங்கள் சேர்வது அப்போதுதான்.

நான் போய்விட்டால் அம்மா தனியாக இருப்பார். போவதே தப்பு செய்வது மாதிரி இருக்கிறது.

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் வயதுக்கு மீறிப் பொறுப்பெடுத்துக்கொண்ட பிள்ளைகள். வீட்டில் மருந்து வாங்குவது, பில் கட்டுவது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர்கள் கையில் இருந்திருக்கும். அந்தக் குற்றவுணர்ச்சி பாசத்திலிருந்து வருவது, அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

கிளம்புவதற்கு முன் நீங்கள் செய்துவந்த வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இனி யார் செய்வார்கள் என்று எழுதுங்கள். சிலவற்றை அங்கிருந்தே போனில் நீங்களே செய்யலாம். மீதியை யாரிடமாவது வெளிப்படையாகக் கேட்டு ஒப்படையுங்கள். மனசில் மொத்தமாகக் கனப்பது, தாளில் ஏழெட்டு வரியாகிவிடும். அம்மாவிடமும் நேராகக் கேளுங்கள். அவருடைய பயம் தன் தனிமை பற்றியது இல்லாமல், உங்களைப் பற்றியதாகவே இருக்கலாம்.

பள்ளியில் நான்தான் முதல். இங்கே எல்லாரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். தவறுதலாக என்னைச் சேர்த்துவிட்டார்களோ?

பாலின் கிளான்ஸ், சூசேன் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978-ல் இந்த உணர்வுக்கு 'போலி' என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்து எழுதினார்கள். அவர்கள் பார்த்தவர்கள் பட்டமும் பாராட்டும் பெற்ற பெண்கள். அப்படியும் 'என் குட்டு ஒரு நாள் வெளிப்பட்டுவிடும்' என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தார்கள்.

பல பள்ளிகளின் முதல் மாணவர்களை ஒரே வகுப்பில் உட்கார வைத்தால், ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் முதலிடத்தை இழக்கத்தான் வேண்டும். உங்கள் மூளை மங்கிவிடவில்லை, சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் மாறிவிட்டார்கள்.

வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வருகிறவர்களுக்கு இது இன்னும் கடினம். மற்றவர்கள் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயங்களை நீங்கள் வெளியே கேட்க வேண்டும். ஆசிரியரைத் தனியாகப் போய்ப் பார்க்கலாமா, பாடத்தை மாற்றலாமா, உதவித்தொகைக்கு எங்கே எழுதுவது என்றெல்லாம். கேளுங்கள். ஆசிரியரிடம் போகும்போது "புரியவில்லை" என்று மொத்தமாகச் சொல்லாமல், "இந்த வரி வரைக்கும் புரிகிறது, இதற்கு அப்புறம் விட்டுப்போகிறது" என்று விரலை வைத்துக் காட்டுங்கள். அப்படி வரும் மாணவரை அவர்கள் மறப்பதில்லை.

குடிக்காவிட்டால் கூட்டத்தில் சேர்க்கமாட்டார்களா?

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெபோரா பிரென்டிஸும் டேல் மில்லரும் 1993-ல் கண்டது: குடியைப் பற்றித் தங்களுக்குள் இருக்கும் அளவு தயக்கம் மற்றவர்களுக்கு இல்லை என்றே மாணவர்கள் சராசரியாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். "எனக்கு வேண்டாம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருங்கள். மனசுக்குள் உங்களோடு ஒத்துப்போகிறவர் அந்த அறையில் இன்னும் ஒருவராவது இருப்பார்.

எப்போது இதைச் சாதாரணக் கவலை என்று விடக் கூடாது?

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள் மனசு இருண்டே கிடக்கிறது, பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, தூக்கமோ சாப்பாடோ கெட்டுவிட்டது, வகுப்புக்குப் போக முடியவில்லை என்றால், கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் எல்லாம் கணக்கில்லை. அன்றைக்கே, அந்த இரவே, யாரையாவது எழுப்புங்கள். என்னைப் போன்றவர்கள் அந்த வேலைக்குத்தான் அங்கே இருக்கிறோம். தொந்தரவு என்று ஒருவரும் நினைக்கமாட்டோம்.

யாராவது உங்களைத் தொடர்ந்து அவமானப்படுத்துகிறார்கள், அடிக்கிறார்கள் என்றால் அது 'ஒட்டாத' பிரச்சினையே இல்லை. அது குற்றம். நீங்கள் மாற வேண்டியதில்லை, புகார் கொடுக்க வேண்டும்.

ஒரு வருடம் முயன்றும் இது எனக்கான இடம் இல்லை என்றே தோன்றினால்?

அப்போது மாறலாம். எதிலிருந்து விலகப் பார்க்கிறீர்கள் என்பதை மட்டும் முதலில் பிரித்துப் பாருங்கள். படிப்பு பிடிக்கவில்லையா, இடம் பிடிக்கவில்லையா, ஆட்கள் பிடிக்கவில்லையா? படிப்பு பிடிக்காதவர் ஊர் மாறினால் அதே படிப்புதான் அங்கேயும் காத்திருக்கும். மாறிப் போய் நன்றாக இருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். கிளம்பும் முடிவை மட்டும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எடுக்காதீர்கள்.

முதல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். இப்போது இங்கேயும் ஒட்டவில்லை. என்ன ஆயிற்று எனக்கு?

இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால்தான் அதிகம் வலிக்கிறது. உங்கள் மேசை மேல் யாருடைய அட்டைப்பெட்டிகளோ இருக்கும். நீங்கள் இல்லாதபோது வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிச் சிரிப்பார்கள், உங்களுக்குப் புரியாது. எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டால் சுருக்கென்று இருக்கும்.

என் பகுதியில் இருந்த ஒரு பெண், முதல் விடுமுறையில் சாப்பிட்டுக்கொண்டே "ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கிளம்பணும்மா" என்று சொல்லிவிட்டாள். சொன்னது விடுதியை. அம்மா பரிமாறிக்கொண்டிருந்த கை ஒரு நொடி அப்படியே நின்றதாம். ஒன்றும் சொல்லவில்லை. இவளுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. திரும்பி வந்ததும் இதைச் சொல்லித்தான் என் அறையில் உட்கார்ந்து அழுதாள்.

விடுதி வாழ்க்கையை வீட்டாரிடமிருந்து தனியாக வைத்திருந்தால் இந்த இடைவெளி பெருகும் என்று அவளிடம் சொன்னேன். போனில் "சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்" என்பதோடு நிறுத்தாமல் ஆட்களின் பெயர் சொல்லிப் பேசு, அவர்கள் செய்யும் சேட்டையைச் சொல், தாழ்வாரத்தைப் போனில் ஒரு தரம் சுற்றிக் காட்டு என்றேன். வீட்டுக்குப் போனால் விருந்தாளி மாதிரி உட்காராமல், பழைய வேலை ஒன்றை முதல் நாளே கையில் எடுத்துக்கொள்ளவும் சொன்னேன்.

அடுத்த விடுமுறைக்கு அவள் ரூம்மேட்டையும் கூட்டிக்கொண்டு போனாள். இப்போதெல்லாம் அம்மா போன் செய்தால் முதலில் ரூம்மேட்டைத்தான் விசாரிக்கிறாராம்.